சாந்தா பெயரில் இரண்டு கடைகள்

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா என்னமோ ஒட்டல. சுத்தி ஒரு சிவப்புக் கோடு மட்டும் இழுத்துப் பாரேன்."

அவ்வளவுதான். லியனார்ட் போனை வைத்துவிட்டார். மலர்விழி நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்த சூட்டோடு மறுபடி எழுந்தாள். கீழே பிரிக்ஃபீல்ட்ஸ் தன் காலை இரைச்சலில் இருந்தது. ஒரு லோரிக்காரன் வழியை அடைத்துக்கொண்டு சாமான் இறக்க, பின்னால் நின்ற கார்கள் ஒன்றுக்கொன்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவளுக்கும் யார் மேலாவது ஹார்ன் அடிக்க வேண்டும் போலிருந்தது.

பங்சாரில் ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் அவள். அங்கே லோகோ வரைகிறவள் லோகோவுக்கு உரியவரைப் பார்க்கவே தேவையில்லை. என்ன வேண்டும் என்பது திரையில் வரும், இவள் வரைவாள், சரி என்பதும் திரையிலேயே வரும். பிறகு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பயண ஏஜென்ட் ஆபீசின் மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக ஆரம்பித்தாள். முதலில் வந்த வேலை கிள்ளானிலிருந்து வந்தது. சாந்தா கேக் ஹவுஸ்.

கூப்பிட்டது லியனார்டின் மகள் ஏமி. துறுதுறுவென்ற பெண். ஷா ஆலாமில் ஒரு பேரங்காடியில் சின்னதாக ஒரு கவுன்ட்டர் எடுக்கப்போவதாகவும், தீபாவளிக்கு முன்னால் புது லோகோ, பெட்டி, பலகை எல்லாம் தயாராக வேண்டும் என்றும் சொன்னாள். மலர்விழி கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனாள்.

கடையைக் கண்டுபிடிப்பதிலேயே முதல் குழப்பம். மஞ்சள் பலகை, அரக்குச் சிவப்பில் சாந்தா கேக் ஹவுஸ் என்று தமிழிலும் மலாயிலும் எழுத்து, சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு, ஓரத்தில் ஒரு கிறிஸ்மஸ் மணி. மணி என்று சொன்னால்தான் மணி, பார்வைக்குக் கொய்யாப்பழம். உள்ளே போய் ஏமியைக் கேட்டாள். கல்லாவில் இருந்த நரைத்த தலைக்காரர் சிரித்துக்கொண்டே, "அது எதிர்ல உள்ள கடைம்மா" என்று கை காட்டினார். எட்டிப் பார்த்தால் சாலைக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் கோணலாக, அதே மஞ்சள் பலகை, அதே சிவப்பு எழுத்து, அதே கொய்யாப்பழம்.

"இதான் பிரச்சினை," என்றாள் ஏமி, இவள் உட்காருவதற்குள். "கூகிள்ல அங்க கேக் நல்லாருந்தா எங்களுக்கு ஸ்டார், இங்க லேட்டானா அவங்களுக்குத் திட்டு. டெலிவரி பையனுங்க தெனமும் மாறிப் போறாங்க. எங்க கடைய அந்தக் கடைன்னு ஒருத்தரும் நெனைக்கக் கூடாது. அதான் வேலையே."

லியனார்ட் பின்னால் ஒரு மேசையில் ரவையை நிறுத்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது, கனத்த தோள், மூக்கு நுனியில் மாவு. பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஏமி எல்லாம் சொல்லி முடித்த பிறகு தலையைத் தூக்காமல், "பேர மட்டும் மாத்தாதே" என்றார்.

"சாந்தாங்கிறது ஆன்டி பேரா, அங்கிள்?" என்று கேட்டாள் மலர்விழி.

"என் தங்கச்சி," என்றார். தாடையால் சாலையின் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு மறுபடி ரவைக்குள் கையை விட்டார்.

மிச்சத்தை ஏமி ஸ்டேஷனில் கொண்டுவந்து விடும்போது காரில் சொன்னாள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆரம்பித்த கடை. கேக் அத்தையின் கை, ஓட்டம் அப்பாவின் கால். அதனால் அத்தை பெயரையே கடைக்கு வைத்தார்கள். அத்தை சாந்தமேரி நாற்பது தாண்டும்வரை கல்யாணம் செய்யவில்லை. பிறகு பஸ் கம்பெனியில் கணக்கெழுதிய சிவநேசனைப் பார்த்தார், பிடித்தது, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் என்று முடிவு செய்தார். மாப்பிள்ளை கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்கு வரமாட்டார் என்பது லியனார்டுக்குப் பெரிதாகப் பட்டது. போனால் போ, கடைக்குத் திரும்பி வராதே என்றார். சாந்தமேரி போனார். சில மாதத்தில் எதிரில் கடை பிடித்து, அச்சு அசல் இதே பலகையை மாட்டினார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

"லாயரப் பாருங்கன்னு அம்மா கத்துனாங்க. பேர் டேடி பேர்லதான் ரிஜிஸ்டர் ஆயிருக்கு. ஒரு லெட்டர் போட்டா போதும். டேடி அசையல," என்றாள் ஏமி. "எனக்கு அவங்க சண்டை முக்கியம் இல்ல லா. எனக்குக் கடை நடக்கணும்."

வேலை சுலபம் என்றுதான் மலர்விழி நினைத்தாள். மஞ்சளையும் சிவப்பையும் தூக்கி எறிந்தாள், மணியைத் தூக்கினாள், நல்ல எழுத்தாகத் தேர்ந்தெடுத்து நிறைய வெள்ளை இடம் விட்டு ஒன்று அனுப்பினாள். "மணி இல்லையே," என்றார் லியனார்ட். மணியை வைத்தாள். "எழுத்து ஒல்லியா இருக்கு, பசிக்கிற மாதிரி." எழுத்தைத் தடித்தாள். அப்போது வந்ததுதான் அந்தப் பச்சைப் பெட்டி. கரும்பச்சை, அதில் பாலாடை நிறத்தில் எழுத்து, ஒரே கோட்டில் வளைந்து முடியும் ஒரு மணி. பார்த்ததும் அவளுக்கே மனது நின்றது. ஏமி வாட்ஸ்அப்பில் இதயமாகப் பொழிந்தாள். மறுநாள் காலை லியனார்ட் கூப்பிட்டார். "பச்சை வேணாம்மா. கேக் பெட்டி மாதிரி இல்ல, மருந்துக்கடை மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு நிறம், ஓரம், எழுத்தின் சாய்வு என்று ஒவ்வொரு காலையும் ஒரு போன். குரலில் கடுமை இருக்காது. கெஞ்சுகிற மாதிரிதான் இருக்கும். அதுதான் அவளை அதிகம் படுத்தியது. கோபக்காரக் கிளையன்ட்டுகளை அவள் பார்த்திருக்கிறாள். இவர் என்ன கேட்கிறார் என்பதே பிடிபடவில்லை. சாப்பிடும்போது எழுத்தை வளைத்தாள், குளிக்கும்போது மணியைத் திருப்பிப் போட்டாள். டெங்கிலிலிருந்து அம்மா கூப்பிட்டால் பாதிப் பேச்சில் பென்சிலைத் தேடினாள். "ஒன் சத்தமே கேக்கல, என்ன செய்யிறே?" என்று அம்மா கேட்பாள். "ஒரு கேக் கடைம்மா" என்பதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சிவப்புக் கோடு கேட்ட அன்றைக்குத்தான், எல்லாவற்றையும் பெரிய தாளில் அச்செடுத்து அறையின் தரையில் வரிசையாகப் பரப்பினாள். எங்கே தப்பு என்று தேடுவதற்காக. முதலாவதின் அருகில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வெள்ளை, பச்சை, வெளிர்பச்சை, வெண்மஞ்சள், மஞ்சள். ஒல்லி எழுத்து சதை வைத்தது, சாய்ந்தது, சிவந்தது. மணி வயிறு உப்பிக்கொண்டே போனது. கடைசித் தாளுக்கு வந்து, அதில் கையால் ஒரு சிவப்புக் கோட்டை இழுத்துப் பார்த்தாள்.

பழைய பலகை.

தன்னை வைத்தே அந்த மனிதர் பழைய பலகையைத் திரும்ப வரைய வைத்திருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக, கெஞ்சிக் கெஞ்சி. மலர்விழி தாள்களைச் சுருட்டிக் குழாயில் திணித்தாள். போனில் கேட்கிற விஷயம் இல்லை இது. படியிறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

கிள்ளானில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கடையில் ஏமி இல்லை, பேரங்காடிக்குப் போயிருந்தாள். லியனார்ட் ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்கப் போனவர் இன்னும் வரவில்லை என்றாள் வேலைக்கு இருந்த பெண். உட்காரச் சொன்னாள். மலர்விழியால் உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்தாள். எதிரில் அந்த இன்னொரு மஞ்சள் பலகை மழையில் நனைந்து மினுங்கிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் சாலையைக் கடந்தாள்.

கல்லாவில் அதே நரைத்த தலைக்காரர். அவர்தான் சிவநேசன் என்று இப்போது தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சாந்தமேரி ரவையில் செய்த சூஜி கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனின் அதே தோள், அதே குனிந்த தலை.

"ஒரு துண்டு கொடுங்க ஆன்டி."

சாந்தமேரி ஒரு துண்டைத் தாளில் வைத்து நீட்டினார். இவள் தோளில் தொங்கிய குழாயைப் பார்த்தார். "நீதான் பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து வர்ற டிசைன் பொண்ணா? ஏமி பேப்பர வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்குறா. இங்கேருந்தே தெரியுது."

மறைக்க ஒன்றும் இல்லை. ஆமாம் என்றாள்.

"எப்படி இருக்கு, காட்டு."

காட்டக் கூடாது. ஒரு கடைக்குச் செய்கிற வேலையை எதிர்க்கடைக்குக் காட்டுவது இந்தத் தொழிலில் செய்யவே கூடாத காரியம். ஆனால் அன்றைக்கு அவளுக்கு யாராவது ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும் என்றிருந்தது. போனை எடுத்துப் பச்சைப் பெட்டியின் படத்தைத் திறந்து நீட்டினாள்.

சாந்தமேரி கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். மணியின் மேல் ஒரு விரலை வைத்து எடுத்தார்.

"அழகா இருக்கு," என்றார். "எங்க அண்ணன் வரைஞ்ச மணிய விட நல்லாருக்கு. அவன் சரின்னுட்டானா?"

இல்லை என்பதுதான் உண்மை. மருந்துக்கடை மாதிரி இருக்கிறது என்றார் என்பதுதான் உண்மை. ஆனால் அந்த வாய் அழகு என்று சொல்லி முடித்த அந்த நொடியில், அதைச் சொல்ல மலர்விழிக்கு மனம் வரவில்லை.

"கிட்டத்தட்ட," என்றாள்.

சாந்தமேரி தலையாட்டினார். போனைத் திருப்பிக் கொடுத்தார். கேக்குக்குக் காசு வேண்டாம் என்றார். மலர்விழி வெளியே வந்தபோது எதிரில் லியனார்ட் இன்னும் வந்திருக்கவில்லை. கேட்க வந்ததைக் கேட்காமலே ரயிலேறினாள். வழியெல்லாம் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த மலாய் அம்மா இரண்டு முறை அவள் முழங்காலைப் பார்த்தார்.

அடுத்த வாரம் ஏமி கூப்பிட்டாள். குரலில் கொண்டாட்டம். "அக்கா, நம்ப மாட்டீங்க. அத்தை போர்ட எறக்கிட்டாங்க."

அனுப்பிய படத்தில் சாந்தமேரியின் கடை வாசல். மஞ்சள் பலகை இருந்த இடத்தில் வெள்ளைத் தகரம். அதில் ஏதோ பேனர் கடையில் அவசரமாக அடித்த நீல எழுத்து. மேரி பேக்கரி.

"நாம ஒண்ணுமே செய்யல, பிரச்சினையே தீந்துடுச்சு," என்றாள் ஏமி. "இனிமே டேடிக்கு எது பிடிச்சாலும் சரி. பழசயே வெச்சாக்கூடப் பரவால்ல."

மலர்விழி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். மேரிக்கும் பேக்கரிக்கும் நடுவில் இடம் கூட சரியாக விடவில்லை. லியனார்ட் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். அன்று காலை போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. இத்தனை நாள் எந்தப் போனுக்குப் பயந்தாளோ அந்தப் போன் வராதது அவளை இன்னும் அலைக்கழித்தது. கீழே டீக்கடையில் பாலில்லாத தே ஓ ஒன்று குடிக்க இறங்குவாள், பாதி குடித்துவிட்டு மேலே ஓடுவாள்.

மூன்றாம் நாள் படியில் யாரோ மூச்சு வாங்க ஏறும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் லியனார்ட். சர்ச்சுக்குப் போடும் முழுக்கைச் சட்டை, கையில் குடை. கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருந்தார். கேக் கடையை விட்டு வார நாளில் அவர் வெளியே வந்து மலர்விழி கேள்விப்பட்டதே இல்லை.

உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ அங்க போனியா?"

"போனேன், அங்கிள்."

"என்ன சொன்னே?"

சொன்னாள். பச்சைப் பெட்டியைக் காட்டியது, அழகு என்றது, கிட்டத்தட்ட என்றது, எல்லாவற்றையும். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். லியனார்ட் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நான் துறைமுகத்துல வேலை பார்த்தேன், அப்ப. கப்பலுக்கு அடிச்சு மிச்சமான பெயின்ட். மஞ்சளும் சிவப்பும்தான் கெடைச்சுது. நான் ஏணில, அவ கீழ புடிச்சுக்கிட்டு. ‘சா’ கோணலா இருக்கு, கோணலா இருக்குன்னு கத்திக்கிட்டே இருந்தா. அப்படியே விட்டுட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கம் கடை வெச்சப்போ அந்தக் கோணலையும் சேர்த்துப் போட்டிருந்தா. காலைல நான் ஷட்டரத் தூக்கும்போது அவ போர்டுல லைட் எரியும். எரிஞ்சா வந்துட்டா, நல்லாருக்கான்னு அர்த்தம். ஒரு நாள் எரியல. ஓவன்ல இருந்த அத்தனையும் கருக்கிட்டேன். மத்தியானம் கடையத் தொறந்தாங்க. லைட்டுதான் ரிப்பேராம்."

"இத ஏமிகிட்ட சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"என்னன்னு சொல்றது?"

மலர்விழி நழுவிய தாள் ஒன்றை நேராகச் சாய்த்து வைத்தாள். கீழே எங்கோ ஒரு கடையில் நாதஸ்வரத்தை ஒலிபெருக்கியில் வைத்தார்கள், உடனே அணைத்தார்கள்.

"அவளுக்கு ஒரு போர்டு செஞ்சு கொடு," என்றார் லியனார்ட் திடீரென்று. "என் கணக்குல. அந்த நீல எழுத்தப் பாக்க முடியல. வாடகைக் கடை மாதிரி இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதே. நீயா போய்க் கேக்குற மாதிரி கேளு."

"நான் போக மாட்டேன், அங்கிள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு தடவ போய் ஒரு வார்த்த சொன்னதுக்கே இப்படி ஆயிடுச்சு. இனிமே இங்க கேட்டத அங்க, அங்க கேட்டத இங்கன்னு என்னால முடியாது. நீங்க வாங்க. நானும் வரேன். நான் சொன்ன பொய்ய நானே சொல்லிக்கிறேன். மிச்சத்த நீங்க பேசுங்க."

அவர் வரமாட்டேன் என்றார். அப்புறம், கடையில் ஆள் இல்லை, போகணும் என்றார். படியிறங்கினார். மலர்விழி கதவைப் பூட்டிக்கொண்டு கூடவே இறங்கினாள். ஸ்டேஷன் வரை அவர் முன்னால் நடந்தார், இவள் பின்னால். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஷா ஆலாம் தாண்டியதும் லியனார்ட் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார், இன்னும் கிள்ளான் வர நேரம் இருந்தும்.

தன் கடைக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே வேலைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பஸ் ஒன்று போனது, அது போகும்வரை காத்திருந்தார், பிறகு ஒரு மோட்டார் சைக்கிளுக்காகக் காத்திருந்தார், பிறகு ஒன்றுமே வராத சாலையிலும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கடைசியில் குடையை ஊன்றிக்கொண்டு கடந்தார்.

சிவநேசன் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். "வாங்க," என்றார், யாருக்கும் சொல்வது போல. சாந்தமேரி வெண்ணெயை எடைபோட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். தராசில் இருந்த கை அப்படியே நின்றது.

"என்ன வேணும்?" என்றார்.

"போர்டு," என்றார் லியனார்ட்.

"போர்டுக்கு என்ன?"

"எழுத்து சரியில்ல. யாரு செஞ்சா? நடுவுல எடமே விடல. வெறும் மேரின்னு மொட்டையா இருக்கு. சாந்தமேரிதானே உன் பேரு?"

"பாதிதான் உன்கிட்ட இருக்கே. மிச்சம் இருந்தத நான் போட்டுக்கிட்டேன்."

லியனார்ட் குடையைச் சுவரில் சாய்த்தார். ஒரு சீனக் கிழவர் வந்து அரைக் கிலோ சூஜி கேக் கேட்டார். சாந்தமேரி நறுக்கினார், பெட்டியில் அடுக்கினார், ரிப்பன் கட்டினார். லியனார்ட் ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார். போகவில்லை. கிழவர் போனதும் சாந்தமேரி கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நீ மாத்தப் போறேன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. நல்ல பச்சை. மாத்து. அதுக்கப்புறம் நான் மட்டும் அந்த மஞ்சளுக்குள்ள உக்காந்து என்ன பண்றது?"

"நான் பச்சை வேணாம்னுட்டேன்."

சாந்தமேரி மலர்விழியைப் பார்த்தார்.

"பொய் சொல்லிட்டேன் ஆன்டி," என்றாள். "நீங்க நல்லாருக்குன்னு சொன்னீங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. அங்கிள் எதையுமே சரின்னு சொல்லல. எல்லாத்தையும் பழசு மாதிரியே ஆக்கச் சொன்னாரு."

"ஏன்?" என்றார் சாந்தமேரி. இவளைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்டார்.

லியனார்ட் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேக்குகளையே பார்த்தார். "அதையும் மாத்திட்டா நமக்குள்ள அப்புறம் என்ன இருக்கு?" என்றார்.

சாந்தமேரிக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. கத்தியை மேசையில் வைத்தார். "நான் எதுக்கு உன் போர்டயே போட்டேன்னு என்னைக்காவது யோசிச்சியா? சண்டை போடவாவது வருவேன்னு. என் பேரு, என் கடைன்னு கத்திக்கிட்டு வருவேன்னு. நீ வரல. ஒரு லாயர் லெட்டர்கூட வரல."

"உன் மேல கேஸ் போடுவேனா நான்?"

"போட்டிருக்கணும். கோர்ட்டுலயாவது மூஞ்சிய பார்த்திருப்பேன்."

சிவநேசன் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். லியனார்ட் அந்த மனிதரை அப்போதுதான் நேராகப் பார்த்தார். இத்தனை வருடம் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த ஆள்.

"நான் உங்க கல்யாணத்துக்கு வரல," என்றார் லியனார்ட்.

"தெரியும்," என்றார் சிவநேசன். "நான் அங்கதான் இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சாந்தமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கம் போனார், திரும்பி வரும்போது கையில் தண்ணீர் இருந்தது. லியனார்ட் உட்கார்ந்தார். தண்ணீரைக் குடித்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை ஆரம்பித்தது. அப்பா சாவுக்கு யார் முதலில் வந்தார்கள், ஓவனை யார் வாங்கியது, அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் நாளன்று காலையில் யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக மேலே வந்தது. லியனார்ட் பழைய பலகையைத் திரும்ப மாட்டச் சொன்னார். சாந்தமேரி முடியாது என்றார்.

"அத எறக்குன அன்னைக்கு எனக்கு நெஞ்சு லேசாச்சு, அண்ணே. காத்திருக்கிற வேலை முடிஞ்சுதுன்னு இருந்துச்சு. நீ இப்ப வந்துட்டேங்கிறதுக்காக மறுபடி மாட்ட மாட்டேன்."

லியனார்டின் முகம் விழுந்தது. அவர் கேட்டு வந்தது கிடைக்கவில்லை. கேட்காதது கிடைத்திருந்தது, அதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு அந்த நிமிடத்தில் கை வரவில்லை. மலர்விழி மெல்ல வெளியே நழுவினாள். நடைபாதையில் கொஞ்ச தூரம் போன பிறகும் சாந்தமேரியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

பச்சைப் பெட்டி தீபாவளிக்கு வரவில்லை. கிறிஸ்மஸுக்கு வந்தது. ஒரு நாள் காலை லியனார்டே கூப்பிட்டு, அந்தப் பச்சையே இருக்கட்டும் என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தார். மறுபடி மாற்றச் சொல்வாரோ என்று மலர்விழி பென்சிலோடு காத்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். ஷா ஆலாம் கவுன்ட்டர் திறந்த நாளில் சாந்தமேரியும் சிவநேசனும் வந்திருந்தார்கள். லியனார்ட் சிவநேசனுக்குக் கை கொடுத்தார். அவர்கள் வீட்டுப் படியை மட்டும் அவர் இன்னும் மிதிக்கவில்லை.

ஏமி மலர்விழியை ஒரு ஓரமாகக் கூட்டிப்போனாள். அப்பாவும் அத்தையும் பேசுவது நல்லதுதான் என்றாள். "ஆனா எங்க டிசைன எதிர்க்கடைல காட்டுனீங்க. அத்தைங்கிறதால நல்லபடி முடிஞ்சது. வேற யாராவதா இருந்தா? அடுத்த வேலைய உங்ககிட்ட குடுக்க எனக்குப் பயமா இருக்கு அக்கா." மலர்விழி மறுத்துப் பேசவில்லை. ஏமி சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ரயிலில் வரும்போது அந்த வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். எல்லாரும் நல்லதாயிற்று என்கிற காரியத்தில் தன் பங்கு ஒரு பொய்தான் என்பது அவளுக்குள் ஒரு பக்கம் உட்காரவே மறுத்தது.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் சாந்தமேரி கூப்பிட்டார். நீல எழுத்து வெயிலில் உரிய ஆரம்பித்துவிட்டது, ஒழுங்காக ஒரு பலகை வேண்டும் என்றார்.

"முடியிற வரைக்கும் எங்க அண்ணனுக்குக் காட்டாதே. அவன் உள்ள பூந்தா முடியவே முடியாது."

"யாருக்கும் காட்ட மாட்டேன், ஆன்டி," என்றாள் மலர்விழி. "பேரு என்ன போடட்டும்? மேரியா, சாந்தமேரியா?"

அந்தப் பக்கம் யாரோ கேக் கேட்பதும், சிவநேசன் விலை சொல்வதும் கேட்டன.

"தெரியலம்மா," என்றார் சாந்தமேரி. "நீ வா. பேசிக்குவோம்."